இடது பக்கத்து பிரேக் லைட்

எங்கள் சிவப்பு வண்டிக்கு இரண்டே இருக்கை. கூரையைப் பின்னால் மடித்துப் போட்டுவிடலாம். பொத்தானை அழுத்தினால் முன்விளக்கு இரண்டும் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பி வரும். கடைக்குட்டி பிலிப்பா வீட்டை விட்டுப் போன வருடம், அவள் அறைக்கு என்ன நிறத்தில் சுவர்த்தாள் ஒட்டலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் ட்ரெவர் இதை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அப்போதே அது பழைய வண்டிதான். இப்போது அதற்கு வயது முப்பத்தொன்று.

வந்ததிலிருந்து பத்தொன்பது அக்டோபர், பத்தொன்பது எம்.ஓ.டி. சோதனை; வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று வருடா வருடம் பார்ப்பார்களே, அது. ஒரு தடவைகூட ஃபெயில் ஆனதில்லை. இந்த மாதிரி வண்டிகளின் லட்சணம் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். மழை பட்டால் அடியில் துருப்பிடித்துவிடும். இங்கிலாந்தில், அதுவும் எங்கள் லங்காஷரில், மழைக்கா பஞ்சம்? எந்த வண்டியின் நம்பரை அடித்தாலும் அதன் சோதனை ஜாதகம் முழுக்க இணையத்தில் வந்துவிடும். மற்றவர்கள் பப்பில் உட்கார்ந்து பேரப்பிள்ளை படம் காட்டினால், ட்ரெவர் 'பாஸ், பாஸ், பாஸ்' என்று பச்சை வரிசையைக் காட்டுவார். வண்டியை விடு, உன்னைச் சோதனைக்கு அனுப்பினால் நீ தேறுவாயா என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கும் சிரிப்பார்.

அதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. ட்ரெவர் முப்பது வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். சோதனைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலிலேயே ஒரு முன்சோதனை வைத்துவிடுவார். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வேண்டும். அவர் பின்னால் நின்றுகொண்டு குரல் கொடுப்பார்: இடது, வலது, பிரேக், விடு, மறுபடி பிரேக். நான் மிதிப்பேன், அவர் பார்ப்பார். ஆயிற்று என்றதும் எனக்கு ஒரு டீ போட்டுத் தருவார். பத்தொன்பது வருடத்தில் அந்த வண்டியின் ஸ்டியரிங்கை நான் பிடித்தது அவ்வளவுதான். இன்ஷூரன்ஸ் காகிதத்தில் ஓட்டுநராக என் பெயரும் உண்டு. சாவிதான் கைக்கு வந்ததில்லை.

இந்த வருடம் எல்லாம் மாறிப்போனது. மார்ச்சில் ட்ரெவருக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். அந்த வண்டியோ தரையோடு தரையாக இருக்கும். உள்ளே போவதற்குப் பெரிய வித்தை வேண்டாம், விழுந்தால் போதும். வெளியே வருவதுதான் பாடு. ஜூலையில் சூப்பர்மார்க்கெட் வாசலில் அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து, கிணற்றிலிருந்து ஆட்டைத் தூக்குகிற மாதிரி தூக்கினார்கள். அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் தயிர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

விற்றுவிடலாம் என்று பிலிப்பா சொன்னாள். நானும் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் ஆகஸ்டில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டே விட்டேன்.

"இந்தத் தடவ மொத சோதனையிலேயே பாஸ் ஆச்சுன்னா வச்சுக்கோ. நான் வாயே தொறக்க மாட்டேன். ஃபெயில் ஆச்சுன்னா வித்துடணும். சரியா?"

"அது எங்க ஃபெயில் ஆகப்போவுது," என்று சொல்லி மேஜைக்கு மேலே கையை நீட்டினார். குலுக்கினோம். ட்ரெவர் கை குலுக்கினால் குலுக்கியதுதான்.

அக்டோபரில், சோதனைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். அவர் என்னை உட்கார விடவில்லை. பந்தயம் கட்டினவளே பிரேக் மிதித்தால் எப்படி, நீ எதிர்க்கட்சி ஆயிற்றே என்றார். எனக்குச் சுருக்கென்றது. உள்ளே வந்து சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டேன்.

மனிதர் தன் கைத்தடியை எடுத்து பிரேக்குக்கும் இருக்கைக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தார். நொண்டி நொண்டிப் பின்பக்கம் போவதற்குள் தடி நழுவிவிடும். மூன்று தடவை நழுவியது. பிறகு தானே உள்ளே உட்கார்ந்து மிதித்துவிட்டு, கண்ணாடி வழியாகப் பின்னாலிருந்த வெள்ளைக் கராஜ் கதவைப் பார்த்தார். கதவில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்.

ஜன்னலிலிருந்து எனக்கு நேராகவே தெரிந்தது. எரிந்தது வலது விளக்கு மட்டும். இடது பக்கம் செத்துக் கிடந்தது.

பொய் சொல்வானேன், முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வியாழக்கிழமை வண்டி ஃபெயில், அடுத்த வாரம் விளம்பரம். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னை எதிர்க்கட்சி என்றவருக்கு இது வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

புதன்கிழமை அவர் இடுப்புப் பயிற்சிக்கு மருத்துவமனைக்குப் போயிருந்தார். நான் உருளைக்கிழங்கு எடுக்கக் கராஜுக்குப் போனேன். தோட்ட வேலைக்கு முட்டிக்குக் கீழே போட்டுக்கொள்ளும் என் ரப்பர் மெத்தை இரண்டு வாரமாகக் காணோமே என்று தேடிக்கொண்டிருந்தேனா, அது வண்டியின் கதவுக்குக் கீழே கிடந்தது. நடுவில் இரண்டு முட்டி பதிந்த பள்ளம். பக்கத்துச் சுவரில் அவர் உயரத்துக்கு ஒரு கைப்பிடி புதிதாக அடித்திருந்தது. தினமும் காலையில் வண்டிக்கு மெழுகு போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மனிதர் இங்கே வந்து வண்டியிலிருந்து இறங்கப் பழகியிருக்கிறார்.

அலமாரியிலிருந்த பிஸ்கட் டப்பாவில் உதிரி பல்பு வைத்திருப்பார். டிக்கியைத் திறந்து, விளக்கின் பின்பக்கத்தைத் திருகிக் கழற்றி, பழைய பல்பை எடுத்துவிட்டுப் புதியதைச் சொருகினேன். சுலபத்தில் போகவில்லை. நான் விடுவேனா, அழுத்தித் திருகிவிட்டேன். பிரேக்கை மிதித்துக்கொண்டே பின்னால் போய்ப் பார்க்க எனக்கும் ஆள் இல்லையே. இரவில் எரியும் பின்விளக்கும் அதே பல்புதான், அதனால் அந்த ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். நான் போட்ட பல்பு பளிச்சென்று எரிந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை காலை குளிரில் கூரையைத் திறந்து போட்டுக்கொண்டு, பிளாஸ்க்கில் டீயோடு பாரியின் பட்டறைக்குப் போனோம். பத்தொன்பது வருடமும் சோதனை செய்தது இந்த பாரிதான். சின்னச் சுத்தியலால் அடிப்பக்கத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தான், துரு இல்லை. ஹேண்ட்பிரேக், டயர், புகை எல்லாம் சரி. என்னை உள்ளே உட்கார்ந்து மிதிக்கச் சொன்னான். மிதித்தேன். மறுபடி மிதிக்கச் சொன்னான். அப்புறம் என்னை இறங்கச் சொல்லி, டிக்கிக்குள் தலையை விட்டான்.

"ட்ரெவர், இந்த இடது பல்ப யாரு போட்டது? ஒரே பல்புல ரெண்டு இழை, அதத் தலைகீழா முறுக்கி ஏத்தியிருக்காங்க. ராத்திரி லைட்டப் போட்டா பிரேக் மாதிரி எரியுது, பிரேக்க மிதிச்சா மங்கிப்போவுது. இது உங்க வேலை இல்லையே?"

ட்ரெவர் பாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை.

"நீயா மாரீன்?"

"நான்தான்."

"ஃபெயிலாக்கணும்னா? என்கிட்ட கைகுலுக்கிட்டு?"

"பாஸாக்கணும்னுதான்யா. அது ஞாயித்துக்கிழமையே எரியல. நீ கதவப் பாத்துத் தலையாட்டிட்டுப் போயிட்ட, நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். ரெண்டு நாள் சொல்லாம இருந்தேன், அது தப்புதான். நேத்து என் முட்டி மெத்தைய கராஜுல பாத்தேன். அப்புறம் மனசு கேக்கல."

பாரி அவசரமாக எதையோ தேடுகிற மாதிரி கருவிப் பெட்டிப் பக்கம் போய்விட்டான். ட்ரெவரின் காதுமடல் சிவந்தது. சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாதபோது அது சிவக்கும். பல்பு உள்ளே போக அடம்பிடித்திருக்குமே என்று கேட்டார். அடம்பிடித்தது, நானும் பிடித்தேன் என்றேன்.

பாரி இரண்டே நிமிடத்தில் பல்பைத் திருப்பிப் போட்டான். இப்போதே பாஸ் கொடுக்கலாம், ஆனால் முதலில் ஃபெயில் என்று பதிந்துவிட்டுத்தான் கொடுக்க முடியும் என்றான். அவன் கம்ப்யூட்டரைத் தொடாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கண்டும் காணாமல் விடவும் தயாராக இருந்தான் போலிருக்கிறது.

"உள்ளது உள்ளபடி பதி," என்றார் ட்ரெவர்.

பச்சை வரிசைக்கு மேலே முதல் சிவப்பு விழுந்தது. ட்ரெவர் அதை நின்று பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, குலுக்கினது குலுக்கினதுதான், சனிக்கிழமை விளம்பரம் கொடுத்துவிடுகிறேன் என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"விளம்பரம் எதுக்கு? வாங்குறதுக்கு ஆள் இங்கயே இருக்கு."

"யாரு?"

"நான்தான். விக்கணும்னுதான பேச்சு? யாருக்குன்னு நாம பேசலையே. இனிமே வண்டி என்னுது. நான் ஓட்டுவேன், நீ பக்கத்துல உக்காரு. கராஜுல நீ கைப்பிடி அடிச்சிருக்கற எடத்துலதான் எறங்கணும், சூப்பர்மார்க்கெட் வாசல்ல கிடையாது."

ட்ரெவர் பாரியைப் பார்த்தார். இது செல்லுமா என்று கேட்டார். தனக்குத் தெரிந்தவரை சட்டத்தில் இடமிருக்கிறது என்று பாரி சொன்னான்.

சாவியைக் கொடுக்கவே அவருக்கு ஒரு நிமிடம் ஆனது. நான் இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டேன், கண்ணாடிகளை எனக்குத் தக்கபடி திருப்பினேன். பத்தொன்பது வருடமாக அவர் கண்ணுக்கு வைத்திருந்த கண்ணாடிகள். ஒவ்வொன்றுக்கும் பெருமூச்சு விட்டார். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் வாசலுக்கு வந்து நின்றுவிட்டார்கள். கிளட்சை விட்டேன், வண்டி ஒரு குதி குதித்து நின்றுபோனது. மறுபடி எடுத்தேன். கியர் போட்டபோது வந்த கறகறச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

ட்ரெவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நேராக ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.