எட்டாவது ஊசி

டப்பாவில் ஏழு ஊசிகள்தான் இருந்தன. மூன்று தடவை எண்ணிவிட்டேன். எட்டு இருக்க வேண்டும். மணி இரண்டே முக்கால். நான்கு மணிக்குக் குழந்தையின் அப்பா போர்வையை வாங்கிப்போக வருகிறார்.

"யாரும் எழுந்திரிக்கக் கூடாது" என்றேன்.

முப்பத்தோரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள் நான். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் பஞ்சு, கத்தரி, ஊசி எல்லாவற்றையும் எண்ணி, சரி என்று நான் சொல்ல வேண்டும். சொல்லாதவரை எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் சும்மா நிற்க வேண்டியதுதான். ஒரு நாளும் என் எண்ணிக்கை தப்பியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமைதோறும் துண்டுத்துணிப் போர்வை தைக்க ஐந்து பேரை என் வீட்டு முன்னறையில் சேர்த்தபோதும் அதே சட்டத்தைத்தான் போட்டேன். ஊசி என் டப்பாவிலிருந்து போகும், என் டப்பாவுக்கே திரும்பி வரும், நோட்டில் நான் எழுதுவேன். இதற்கு இவர்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

அதிலும் ரேடியோ என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருப்பவள். நூலகத்தில் வேலை அவளுக்கு. வாரம் முழுக்க ஊரையே 'உஷ்' என்று அடக்கிவிட்டு, தான் அடக்கிவைத்ததையெல்லாம் சனிக்கிழமை என் வீட்டில் வந்து கொட்டுவாள். கையை ஆட்டாமல் அவளுக்குப் பேச வராது. அதனால் ஊசியைப் போர்வையில் எங்கேயாவது குத்திவிட்டுத்தான் கதையைத் தொடங்குவாள். அவளுக்கு நேர்மாறு பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கும் தையல்காரி. ஒரு வாக்கியம் சொல்வதற்குள் நமக்கு ஒரு கொட்டாவி வந்து போய்விடும். அப்புறம் இரண்டு ஓரகத்திகள். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டு, ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள். இங்கே மட்டும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "அந்த நூலைக் குடுக்கச் சொல்லுங்க சிஸ்டர்" என்று என்னைத் தூது விடுவார்கள். என் தலையெழுத்து.

ஐந்தாவது ஆள் எங்களில் சின்னவள், மழலைப் பள்ளி டீச்சர். அவள் குழந்தைக்குத்தான் இந்தப் போர்வை. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தை. ஐம்பத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, இன்று மாலைதான் வீட்டுக்குப் போகிறது. நாங்கள் தைத்ததில் சுற்றித்தான் தூக்கிவருவேன் என்று ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் டீச்சர் சொல்லியிருந்தாள். இரண்டு கிலோ எடை. அந்த முதுகுக்கு அடியில், பஞ்சுக்குள் ஒரு ஊசி இருந்தால் என்ன ஆகும் என்று இவர்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டுமா?

வேண்டியிருந்தது. ஒரு ஊசிதானே, எங்கேயாவது விழுந்திருக்கும் என்றாள் மூத்த ஓரகத்தி. தரைவிரிப்பைத் தூக்கி உதறினோம். சோபா மெத்தைகளைத் தட்டினோம். பிஸ்கட் தட்டுக்கு அடியில்கூடப் பார்த்தோம், தூள்தான் கிடைத்தது. தையல்காரி, "சிஸ்டர், வந்து..." என்று இழுத்தாள். இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு ரேடியோவின் பக்கம் திரும்பினேன்.

"நான் குடுத்துட்டேன் சிஸ்டர். உங்க கையிலதான் வச்சேன்" என்றாள் அவள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் அவள் ஊசியைச் சோபாவின் கைப்பிடியில் கண்டெடுத்தது யார்? அதற்கு முன்னால் திரைச்சீலையில்? எல்லாவற்றையும் சொல்லிக்காட்டினேன். பேசுகிற வாயைக் கொஞ்சம் மூடியிருந்தால் ஒரு பச்சைக் குழந்தைக்கு இந்த ஆபத்து வந்திருக்காது என்றும் சொன்னேன். தையல்காரி மறுபடி ஏதோ ஆரம்பித்தாள். நான் விடவில்லை. இப்படியே மூன்றேகால் ஆகிவிட்டது.

ரேடியோ பேச்சை நிறுத்தினாள். அவள் பேச்சை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

"சரி, நான்தான் விட்டுட்டேன்" என்றாள். "என் பக்கத்தப் பிரிச்சுப் பாருங்க. பாப்பாவுக்குப் போர்வை போய்ச் சேரணும், அவ்வளவுதான்."

பார்த்தாயா, கடைசியில் ஒத்துக்கொண்டாள் என்று எனக்குள் ஒரு திருப்தி வேறு. காலை பத்து மணியிலிருந்து அவள் ஓரத்தில் போட்டிருந்த சிவப்புத் தையல் முழுவதையும் அவளே சின்னக் கத்தரியால் பிரித்தாள். ஒரே அளவில், ஒரே இடைவெளியில், கோடு போட்ட மாதிரித் தைத்திருந்தாள். இத்தனை மாதமாக அவள் வாயைக் கவனித்த அளவுக்கு அவள் கையை நான் கவனிக்கவில்லை. பஞ்சை விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தோம். ஊசி இல்லை.

தையல்காரி பேசாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். இதென்ன, நடுவில் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காந்தத்தோடு வந்தாள். கடையில் கீழே விழும் குண்டூசிகளைப் பொறுக்க வைத்திருப்பதாம்.

"இத ஒரு மணி நேரமா ஏன் சொல்லல?" என்றேன்.

"ரெண்டு தடவ ஆரம்பிச்சேன். நீங்க எங்க பேச விட்டீங்க?"

மற்ற நாளாக இருந்தால் ரேடியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். இன்று தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

காந்தம் நான்கு ஓரங்களிலும் நகர்ந்தது. ஒன்றுமில்லை. நடுவுக்கு வந்தது. அங்கே ஒரு பெரிய இலை வைத்துத் தைத்திருந்தோம். இலையின் காம்புக்குப் பக்கத்தில் 'டக்' என்று ஒட்டியது. தையல்காரி இரண்டு தையலை வெட்டி ஊசியை இழுத்தாள். அதன் காதில் விரல் நீளத்துக்குப் பச்சை நூல் தொங்கியது.

இன்று எல்லோரும் தைத்தது சிவப்பு நூலில். பச்சை போன சனிக்கிழமை. அந்த இலையை வேறு யாரையும் நம்பி விடாமல் நான் ஒருத்திதான் தைத்தேன்.

போன சனிக்கிழமை எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் டீச்சர் போன் செய்தாள். குழாயை எடுத்துவிட்டார்கள், பாப்பா தானே பால் குடிக்கிறாள் என்றாள். ரேடியோ என்னைக் கட்டிக்கொண்டாள். ஓரகத்திகள் நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள். நான் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, நோட்டில் 'எட்டு' என்று எழுதி டப்பாவை மூடினேன். எண்ணவில்லை. இன்று காலையிலும் எண்ணவில்லை. என் கையெழுத்தை நானே எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

பச்சை நூலை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வாசல் மணி அடித்தது. குழந்தையின் அப்பா பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். போர்வையின் ஒரு பக்கம் பிரிந்து தொங்குவதைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"கொஞ்சம் லேட்டாயிருச்சு தம்பி" என்றாள் ரேடியோ. "என்னாலதான்..."

"இல்ல" என்றேன். "என்னாலதான். ஊசிய உள்ள விட்டது நான். எண்ணாம எட்டுன்னு எழுதினது நான். செய்யாத தப்புக்கு இவள உக்காத்தி வச்சுத் திட்டினதும் நான்தான்."

முப்பத்தோரு வருடத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் சொன்னதில்லை. அவருக்கு ஊசி என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது போலிருக்கிறது. பதறிப்போய்ப் போர்வையைப் பார்த்தார். ஊசி வெளியே எடுத்தாகிவிட்டது என்று தையல்காரி காட்டினாள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்.

"எல்லாரும் உக்காந்தா அரை மணி நேரம்" என்றாள் ரேடியோ.

பிறகு என் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எட்டையும் மேஜைமேல் வரிசையாக வைத்து வாய்விட்டு எண்ணி, என் நோட்டில் எழுதினாள். ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். எனக்குக் கடைசியில் கொடுத்தாள்.

"திருப்பிக் குடுக்கறப்ப என் கையில குடுங்க சிஸ்டர். நான் எண்ணிக்கறேன்."

வாங்கிக்கொண்டு, அவள் பிரித்த இடத்திலிருந்தே தைக்க ஆரம்பித்தேன். அவள் எதிர்முனையிலிருந்து தைத்து வந்தாள். குழந்தையின் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் சத்தமே இல்லை. இந்த அமைதிக்காக எத்தனை சனிக்கிழமை ஏங்கியிருப்பேன். கால் மணி நேரம்கூட என்னால் தாங்க முடியவில்லை.

"ஏதாவது பேசேன்" என்றேன் அவளிடம்.

"ஊசி கையில இருக்கு சிஸ்டர்" என்றாள், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல். "தச்சு முடிச்சு, எண்ணி வச்சிட்டுப் பேசறேன்."