எத்தனை தலையணை

கணக்கு டீச்சருக்கு மாரடைப்பு வந்து எழுபது நாள் ஆகியிருந்தது. அந்த எழுபது நாளில் அவள் தன் வீட்டுக்காரரோடு சிரித்துப் பேசியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரி உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு பஸ் டிரைவரோடு சிரித்ததை எண்ணத்தான் முடியவில்லை.

வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கெட்டிக்காரர். மோட்டார் ஓடும் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே எது பழுது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காது, மாரடைப்பு வந்த அன்று காலை மட்டும் கேட்கவில்லை.

"என்னங்க, முதுகு இழுக்குது. தாடையெல்லாம் வலிக்குது. என்னமோ மாதிரி இருக்கு" என்று டீச்சர் சொன்னபோது மணி ஏழு.

"வாயுவா இருக்கும். வெந்நீர் குடிச்சிட்டுக் கொஞ்சம் படு" என்று சொல்லிவிட்டு அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மருந்துக் கிடங்கு ஒன்றில் குளிர் அறை நின்றுபோயிருந்தது. பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எதையோ கேட்க வந்தவள், டீச்சர் குளியலறைத் தரையில் வியர்வையில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

அடைப்பை எடுத்துவிட்டார்கள். "வந்தது தாமதம்" என்றார் டாக்டர். "இதயத் தசையில ஒரு பகுதி செத்துப்போச்சு. பம்ப் இனி முன்ன மாதிரி வேலை செய்யாது. மாத்திரை, உப்பு குறைச்ச சாப்பாடு, பயிற்சி எல்லாம் சரியா இருக்கணும். மனசையும் பாத்துக்கங்க. இது வந்தவங்க நிறைய பேருக்கு மனசு சோந்து போயிடும்."

பம்ப் பலவீனம் என்றால் என்னவென்று மெக்கானிக்குக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தாமதம் என்ற சொல்தான் முள்ளாகக் குத்தியது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. உப்பில்லாமல் சமைக்கக் கற்றுக்கொண்டார். காலை, மதியம், இரவு என்று மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டு வைத்தார். கடையைப் பாதி நாள் பூட்டினார். அவளோ ஜன்னலோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "இருக்கு" என்பாள். ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே காரணமில்லாமல் அழுதாள். "உங்க குறட்டையில தூக்கம் வரல" என்று சொல்லி, கட்டிக் கொடுத்த மகளின் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். கதவையும் சாத்திக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் டிரைவர் வந்து சேர்ந்தார். அறுபது வயது, கரும்புகை நிற மீசை, இரண்டு முறை மாரடைப்பு வந்து பிழைத்தவர். நெஞ்சுத் தோலுக்கடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மிஷின் வைத்திருந்தார்கள். மனைவியை இழந்தவர் என்று தெரிந்ததும் மெக்கானிக்கின் வயிறு இன்னும் கொஞ்சம் எரிந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். உள்ளே அவள் நடைப்பயிற்சி மிஷின் மேல் நடப்பாள். பக்கத்தில் அந்த ஆள் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதித்துக்கொண்டு எதையோ சொல்வான். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். உப்பில்லாமல் சமைத்துப் போட்டவன் வெளியே, ஊர்க்கதை பேசுகிறவன் உள்ளே!

திரும்பி வரும்போது கேட்டார்: "என்ன அப்படி ஒரு சிரிப்பு?"

"சும்மா. ஏதோ பஸ் கதை சொன்னார்."

"எங்கிட்டயும் சொல்லேன்."

"சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வராது."

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். அவள் ஃபோனில் பேசினால் மணியைப் பார்த்தார். இருபது நிமிடம். முப்பத்தைந்து நிமிடம். தன்னிடம் ஒரு நாள் முழுக்கப் பேசுவதைக் கூட்டினால் நாலு நிமிடம் தேறாது.

ஒரு வியாழக்கிழமை காலை அவள் குளிக்கப் போயிருந்தபோது மேசை மேல் ஃபோன் முணுக்கென்றது. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவளுடைய பையைக்கூட அவர் திறந்ததில்லை. அன்று கை தானாகப் போய் எடுத்தது.

"நேத்து எத்தனை தலையணை, டீச்சர்?"

டிரைவர்தான். மெக்கானிக் மேலே தள்ளிப் பார்த்தார். முந்தாநாள் அதே கேள்வி. "ரெண்டு" என்று அவள் பதில். நேற்றும் அதே கேள்வி, "மூணு." அதற்குக் கீழே அவன்: "வீட்டுல தெரியுமா?" அவள்: "தெரியாது. தெரியவும் வேண்டாம்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. காதுக்குள் பத்து கம்ப்ரஸர் ஒன்றாக ஓடியது. குளியலறைக் கதவைத் தட்டவில்லை. ஃபோனை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, சட்டைப் பித்தானைக்கூட ஒழுங்காகப் போடாமல் வண்டியை எடுத்தார்.

பஸ் டெப்போவுக்குப் பின்னால் என்று அவள் எப்போதோ சொன்ன டிரைவரின் வீடு, மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்த டிரைவர் பனியனோடு நின்றார். படியேறி வந்தவரைவிட அவருக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்கியது.

"வாங்க சார், டீச்சர் நல்லா..."

"என் பொண்டாட்டி தலையணையை எண்றதுக்கு நீ யாருய்யா?"

டிரைவரின் மீசை துடித்தது. சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. எதிரில் நிற்கும் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"உக்காருங்க சார். எங்களுக்கெல்லாம் மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டும். தலையணையை உயர்த்தி வெச்சாத்தான் தூங்க முடியும். ஒண்ணு போதும்னா பம்ப் சுமாரா ஓடுதுன்னு அர்த்தம். ரெண்டு, மூணுன்னு ஏறிச்சுன்னா நுரையீரல்ல தண்ணி சேருது. அதனாலதான் தினம் காலைல ஒருத்தரை ஒருத்தர் கேட்டுப்போம். டீச்சருக்கு நேத்து மூணு. இன்னைக்கு இன்னும் பதிலே வரல. கால் வீங்கியிருக்கான்னு பாத்தீங்களா?"

மெக்கானிக் பார்க்கவில்லை. ஃபோன் பேசிய நிமிடங்களை எண்ணியவர் காலைப் பார்க்கவில்லை.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல அவ?"

டிரைவர் தரையைப் பார்த்தார். "நாலு தடவை சொன்னேன் சார், வீட்டுல சொல்லுங்கன்னு. 'சொன்னா வாயுன்னு சொல்லுவார்'னாங்க."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவர் விடுவிடுவென்று இறங்கினார்.

வீட்டில் டீச்சர் ஈரத் தலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் குனிந்து அவள் கணுக்காலை விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் மாவில் அமுக்கிய மாதிரி பள்ளமாக நின்றது.

"ஃபோனைப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன். அந்த ஆளு வீட்டுக்குப் போய்ச் சண்டையும் போட்டேன். எல்லாத்துக்கும் அப்புறம் திட்டு. இப்ப செருப்பைப் போடு."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நீரை வெளியேற்றினார்கள். மூன்று நாளில் நாலு கிலோ இறங்கியது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மூச்சுக்கு மிஷின் வைக்கற மாதிரி ஆயிருக்கும்" என்றார் டாக்டர். மனநல ஆலோசகர் ஒருவரையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மதியம், பக்கத்துக் கட்டில் காலியாக இருந்த நேரத்தில், அவள் கூரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள்.

"குளியலறைல உக்காந்து உங்களுக்கு நாலு தடவை ஃபோன் பண்ணேன்."

"குளிர் அறைக்குள்ள இருந்தேன். ஃபோன் பையில, பை வெளில."

"தெரியும். ஆனா அப்ப தெரியாதே. நான் செத்துட்டா நீங்க வந்து, வெந்நீர் குடிச்சாளான்னு கேப்பீங்கன்னு நெனச்சேன். அந்த நெனப்பு போகவே மாட்டேங்குது."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சொல்வதற்கு ஆயிரம் காரணம் இருந்தது. குளிர் அறையில் லட்சக்கணக்கில் மருந்து கெட்டுப்போகும் நிலை, அவசரம், முதலாளியின் கூச்சல். ஒன்றையும் சொல்லவில்லை.

"தப்பு பண்ணிட்டேன். நீ சொன்னதை நான் கேட்டிருக்கணும்."

"இதைச் சொல்ல இத்தனை நாளா?"

"பயம். சொன்னா, ஆமா உங்களாலதான்னு நீ சொல்லிடுவியோன்னு."

"உங்களாலதான்" என்றாள் டீச்சர். கணக்கு டீச்சர் அல்லவா, விடையைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். பிறகு, "கொஞ்சம் என்னாலயும்தான். நானே வண்டி பிடிச்சுப் போயிருக்கலாம். நீங்க வாயுன்னதும் நானும் அதையே நம்பிட்டேன்" என்றாள்.

"அந்த டிரைவர்கிட்ட மட்டும் எல்லாத்தையும் சொல்ற."

"அவர்கிட்ட பயமா இருக்குன்னா, எனக்கும் பயம்தாங்கறார். உங்ககிட்ட சொன்னா, மாத்திரை போட்டியான்னு கேக்கறீங்க." அவர் பக்கம் திரும்பினாள். "அவர் மேல பொறாமையா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர் தலையை ஆட்டினார். "வயிறு எரியுது."

"எரியட்டும்" என்றாள். ஆனால் கையை நீட்டி, அன்றும் தப்புத் தப்பாகப் பூட்டியிருந்த அவர் சட்டைப் பித்தானைக் கழற்றி மாற்றிப் போட்டாள்.

அடுத்த மாதம் அவள் அரை நாள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். செத்த தசை பிழைக்கப் போவதில்லை. மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. மகள் அறைக் கதவு இப்போது திறந்தே இருக்கிறது. அவர் தினமும் அவள் காலை அழுத்திப் பார்க்கிறார். எப்படி இருக்கு என்று கேட்டால், சில நாள் பத்து நிமிடம் பதில் வருகிறது. சில நாள், "இருக்கு" மட்டும்தான்.

டிரைவரோடு பேச்சும் குறையவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தபோது, ஆண்கள் இருவரும் பெஞ்சின் ஆளுக்கொரு முனையில் தனியாக மாட்டிக்கொண்டார்கள். மெக்கானிக் வெகுநேரம் தொண்டையைக் கனைத்துவிட்டுக் கேட்டார்.

"என்னைப் பத்தி அவ உங்ககிட்ட வேற என்ன சொன்னா?"

"அதை நான் சொல்ல மாட்டேன் சார்" என்றார் டிரைவர்.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து இரண்டடி நடந்தார். அந்த ஆளிடம் சொன்னது வெளியே போகாது என்று தெரிந்துதான் அவள் சொல்கிறாள் என்பது அப்போது புரிந்தது. புரிந்ததும் வயிறு இன்னும் கொஞ்சம் எரிந்தது. திரும்பி வந்து, இந்த முறை கொஞ்சம் தள்ளி இல்லாமல், பக்கத்திலேயே உட்கார்ந்தார்.