முன்பாரம்

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்த கையோடு வட்டக்கோட்டை மதில் நிழலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் வாடகைக் குதிரை வண்டி ஓட்டுகிறவர்கள் வருசத்துக்கு ஒருநாள் நடத்தும் பந்தயம். சோற்றுப் பொதியும் பாயும் குழந்தைகளுமாகப் பெண்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

செசிலி மதிலோரம் தன் பரணியை வைத்து ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தாள். வடசேரிச் சந்தை கலைகிற நேரத்தில், காம்பிலிருந்து உதிர்ந்த கறுப்புத் திராட்சையைக் கேட்ட விலைக்கே தள்ளிவிடுவார்கள். அதோடு சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் இரண்டு துண்டு பட்டையும் சேர்த்து அடுக்களை மூலையில் கட்டி வைத்தால் போதும். கடைச்சரக்கு தோற்கும் சிவப்பு வந்துவிடும். அதிகம் பேச வராதவள் அவள். பேசவேண்டிய இடத்திலெல்லாம் ஊற்றிக் கொடுத்துவிடுவாள்.

"கொள்ளாம் கேட்டியா," என்று ஒரு மடக்கு குடித்துச் சப்புக்கொட்டினாள் பக்கத்து வீட்டு ஞானபாய். "எங்க சபையில குடிக்கப்பிடாதும்பாவ. இது பழந்தானே?"

"பழந்தான்."

"அப்போ இன்னும் கொஞ்சம் ஊத்து. பழம் ஒடம்புக்கு நல்லதாக்கும்."

செசிலி சிரிக்கவில்லை. அவள் கண் புளியமரத்தடியில் நின்ற பவுனின் மேல் இருந்தது. அவர்கள் வீட்டுச் செந்நிறக் குதிரை. குட்டியாக வந்த நாளிலிருந்து அதற்குக் கொள்ளு அவித்துப் போட்டவள் அவள்தான். பந்தயத்தில் குதிரை சீரான ஓட்டத்தில் போகவேண்டும். நாலுகால் பாய்ச்சல் எடுத்தால் வெளியே. பவுனு போன வருசமும் அதற்கு முந்தின வருசமும் பாதி வழியில் பாய்ந்தது. ஊர் சிரித்தது. அவள் கணவன் சூசைமிக்கேலுக்குச் சிரிப்பைத் தாங்கத் தெரியாது. இந்தத் தடவையும் பாய்ந்தால் அங்கேயே விற்றுவிடுவதாக அஞ்சுகிராமம் வியாபாரி பகவதியப்பனுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அந்த ஆள் காலையிலேயே வந்து குதிரையின் பல்லைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

வாடகை வண்டி என்பதால் ஒவ்வொரு வண்டியிலும் சவாரியாக ஒரு ஆள் இருந்தே ஆகவேண்டும். எல்லோரும் எலும்பும் தோலுமான ஆட்களைத் தேடிப் பிடிப்பார்கள். சூசைமிக்கேல் பிடித்தது தையல்காரன் முத்துக்கனியை. காற்றடித்தால் பறந்துவிடும் உடம்பு. அந்த உடம்பு இப்போது மதிலடியில் வாய் பிளந்து உறங்கியது.

"லே, எந்திரிலே!" சூசைமிக்கேல் உலுக்கினான். பிறகு செசிலியிடம் திரும்பினான். "எத்தன டம்ளர் குடுத்த?"

"கேட்டாரு. குடுத்தேன்."

"ஓய் சூசை!" என்று ஒருவன் கத்தினான். "ஆள் இல்லன்னா ஒம்ம வீட்டுக்காரிய ஏத்தும். அந்தக் கனத்துக்கு வண்டி மண்ணுக்குள்ள தாந்துரும். பெறவு குதிர எங்க பாய?"

கூட்டம் கொக்கரித்தது. செசிலி தலை குனியவில்லை. அவன் கேலியாகச் சொன்னது உண்மை என்று அவளுக்கு ரொம்ப நாளாகத் தெரியும். சந்தைக்குப் போய்வரும்போது, அவள் வண்டியில் இருந்தால், பவுனு ஒருநாளும் பாய்ந்ததில்லை. யாரும் கேட்காததால் அவள் சொன்னதில்லை.

டம்ளரைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்தாள்.

"நான் வாறேன்."

"ஏட்டி, சும்மா இரி."

"ஒரு ஆளு வேணும்லா. நான் ஆளுதானே?"

சூசைமிக்கேல் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். வேறு ஆள் கிடைக்கவில்லை.

அஞ்சுகிராமம் முக்கு வரை போய்த் திரும்பவேண்டும். விசில் ஊதியதும் ஐந்து வண்டிகளும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டன. செசிலி நகர்ந்து நகர்ந்து கணவனின் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"பின்னால தள்ளி இரிட்டி. இடிக்குது."

"மாட்டேன். ஆளு பின்னால இருந்தா வண்டி பின்னால சாஞ்சு, ஏர்க்கால் மேல தூக்கும். குதிர வயித்துவாரு இழுத்து இறுக்கும். அந்த வெப்ராளம் தாங்காமத்தான் அது பாயுது."

சூசைமிக்கேல் கடிவாளத்தைச் சற்றுத் தளர்த்தினான். குளம்புச் சத்தம் எழுந்தது. ஒரே தாளம், ஒரே சீர். இறக்கத்தில் அவள் பின்னால் சரிந்தாள், ஏற்றத்தில் முன்னால் வந்தாள். அவன் திரும்பிப் பார்க்காமலே அவள் நகர்வதற்கு ஏற்றபடி கடிவாளத்தை விட்டும் பிடித்தும் ஓட்டினான். முக்கில் திரும்பும்போது ஒரு குதிரை பாய்ந்து வெளியேறியது. பனங்காட்டருகே இன்னொன்று. பவுனு காதைக்கூட மடக்கவில்லை.

கொட்டாரம் ஊர்க்காரன் ஒருவனின் வண்டி முந்திவிட்டது. பவுனு இரண்டாவதாக வந்தது. ஆனால் கூட்டம் முதல் வண்டியை விட்டுவிட்டு இந்த வண்டியைச் சுற்றி நின்றது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பகவதியப்பன் வந்து குதிரையின் கழுத்தைத் தடவினார். "இப்படி ஓடும்னா மேலேயும் போட்டுத் தாறேன். சொல்லும் ஓய்."

சூசைமிக்கேல் கடிவாளத்தைக் கீழே வைத்தான். வியர்வை வழியும் குதிரையைப் பார்த்தான்.

"என்கிட்ட கேக்காதயும். அவகிட்ட கேளும்."

"பொம்பளகிட்டயா? குதிரைய ஓட்டுனது நீரா, அவளா?"

"நான் கடிவாளத்தப் பிடிச்சேன். ஓட்டுனது அவ."

அத்தனை ஆண்களும் செசிலியைப் பார்த்தார்கள். எப்போதும் முந்தானையை இழுத்து உடம்பை மூடிக்கொள்கிறவள் இப்போது அப்படிச் செய்யவில்லை. வண்டியின் முன்பக்கத்தில், அகலமாக, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"குடுக்குறதா இல்ல," என்றாள்.