பச்சையாக நின்ற அட்டை

ஆய்வுக்கூடத்து ஓவனைத் திறந்த அக்காக்காரி அட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். சூடேற்றிய அட்டைகள் பன்னிரண்டும் தட்டோடு உள்ளேயே இருந்தன. அப்படியானால் நேற்று தம்பியிடம் எதைக் கொடுத்தாள்?

அவள் அங்கே செய்வது மஞ்சள் நிறத்தில் ஒரு ரசாயனத் தூள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைந்தது. ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். நச்சு ஆவி அந்த ஓட்டைகளுக்குள் புகுந்தால் அந்த ஒளி அணைந்துவிடும். தம்பிக்கு ரசாயனத் தொட்டிகளுக்குள் இறங்கிக் கழுவும் வேலை. தூள் தடவிய அட்டையையும் விளக்கையும் கயிற்றில் கட்டி முதலில் உள்ளே விடுவான். பச்சை என்றால் இறங்குவான். இன்னும் சோதனையில் இருக்கும் சரக்கை வெளியே கொடுக்கக் கூடாதுதான். கூடப்பிறந்தவன் என்று வந்துவிட்டால் எந்த விதி நிற்கிறது?

தூளைக் கழுவிய திரவம் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கும். சூடேற்றி அதை விரட்டினால்தான் நச்சுக்கு உள்ளே இடம். சூடேற்றாத அட்டை விஷத்தின் நடுவிலும் பச்சையாகவே சிரிக்கும். பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். அவசரக்குடுக்கை, தட்டை மாற்றி எடுத்திருக்கிறாள்.

தம்பியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எப்படியோ மேஸ்திரியின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். மனிதர் சாவகாசமாகப் பேசினார். இப்போதுதான் இறங்கினானாம். அக்கா கொடுத்த அட்டை இருக்கும்போது முகமூடி எதற்கு என்று அதை மேலேயே கழற்றி வைத்துவிட்டானாம். அதை அவர் பெருமையாக வேறு சொன்னார்.

"அந்த அட்டைய நம்பாதீங்க. நான்தான் தப்பா குடுத்துட்டேன். அவன மேல இழுங்க, இப்பவே."

அந்தப் பக்கம் மேஸ்திரியின் போன் எங்கோ விழுந்தது. யாரோ கத்தினார்கள். இடுப்புக் கயிறு இரும்பு விளிம்பில் உராய்ந்து உராய்ந்து ஏறும் சத்தம் கேட்டது. அவள் வேண்டாத தெய்வமில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவளுக்கு ஒரு யுகம் போனது. பிறகு இருமல் கேட்டது. நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வந்த இருமல், அவனுடையதேதான். போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது.

போனை அவனிடம் கொடுத்தார்கள். வாய்க்கு வந்தபடி திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை. பிழை தன் பேரில்தான் என்பது போல, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான்.

"பச்சையாத்தான்க்கா இருந்துச்சு. நான் ரெண்டு தடவ பாத்தேனே."