பவித்ரா அடித்துவிட்ட வரி

புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்கு மார்க்கப் மொழி என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கும் வேலை அன்றைக்கு என் தலையில் விழுந்தது. திண்டுக்கல் நாகல்நகரில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் கிடக்கும் பழைய கடிதங்கள், டைரிகளின் படங்கள் எங்களுக்கு வரும். அவற்றைத் தட்டச்சு செய்து, எது தேதி, எது ஊர், எது ஆள்பெயர் என்று கம்ப்யூட்டருக்கு விளங்கும்படி ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் குறி போட்டு அனுப்ப வேண்டும். கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது மாதிரிதான். பதினொரு வருஷமாகச் செய்கிறேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

பாடத்துக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தைத் திரையில் போட்டிருந்தேன். நடுவில் ஒரு வரியை அவரே கோடு போட்டு அடித்திருந்தார். பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு நாற்பத்தெட்டு வயதில் வேலைக்கு வந்திருக்கும் ஜெய்தூன் பீவி கையைத் தூக்கினார்.

“ஏம்மா புவனா, அந்த ஆளே வேணாம்னு அடிச்சுட்டாரு. அதப் போயி நாம எதுக்கு எழுதணும்?”

“அடிச்சதுக்குன்னே தனிக் குறி இருக்குக்கா. அடிச்சாலும் அவரு எழுதுனதுதான. நாமளா விட்டுற முடியாது.”

ஆயிரம் தடவை ஒப்பித்த பதில். அன்றைக்குச் சொல்லி முடித்ததும் பாடத்தைப் பாதியில் நிறுத்தினேன். தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, எங்கள் ஊருக்குப் போகும் எரியோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பாவி, பாவி என்று என்னையே வைதுகொண்டு போனேன்.

என் தங்கை பவித்ரா ஆறு வருஷத்துக்கு முன்பு சாணார்பட்டிப் பக்கத்துப் பிராங்க்ளினைக் கட்டிக்கொண்டு போனாள். அப்பா சண்டை போடவில்லை, பேச்சைத்தான் நிறுத்தினார். “அவளா கூப்பிடட்டும், போறேன். கூப்பிடாத வீட்டுக்கு இந்தக் கருப்பணன் போகமாட்டான்” என்பார். அவளுக்கும் அதே பிடிவாதம், அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். போன மாசிமாதம் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று முடிவானது. போனில் பேசினால் அழுதுவிடுவோம் என்று எனக்கு ஒரு கடிதம் எழுதி பிராங்க்ளினிடம் கொடுத்தனுப்பினாள். பஸ் ஸ்டாண்டில் வைத்து அவர் என்னிடம் கொடுத்தார்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. நான்தான் வாசித்தேன். பயப்படாதே அக்கா, சின்ன ஆபரேஷன்தான் என்று இருந்தது. அதற்குக் கீழே, “ஆபரேஷனுக்கு முந்தி அப்பாவ ஒரு தடவ வரச் சொல்லுக்கா” என்று எழுதி, ஒற்றைக் கோடாக அடித்திருந்தாள். அதை வாசிக்காமல் தாண்டி, அப்பாவைக் கேட்டதாகச் சொல் என்ற வரிக்குப் போய்விட்டேன்.

“வேற ஒண்ணும் எழுதலையா?” என்று கேட்டார் அப்பா.

“இல்லப்பா.”

அவளே வேண்டாமென்று அடித்துவிட்டாளே, நமக்கென்ன என்று அப்போது நினைத்தேன். உண்மை அதுவல்ல. வரமாட்டேன் என்று இவர் சொன்னால், அதை நான் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்குமே என்று பயந்தேன். ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் பவித்ரா போய்விட்டாள். உயிரோடு இருக்கையில் கூப்பிடாதவள் வீட்டுக்குச் செத்தபிறகு எதற்கு என்று அப்பா மண் போடக்கூடப் போகவில்லை. இப்போது மூன்று மாதமாகிறது.

நான் போனபோது அப்பா கத்திரிக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வேம்படியில் உட்கார்ந்திருந்தார். பீரோவிலிருந்து கடிதத்தை எடுத்துவந்து, விட்ட வரியை வாசித்தேன். இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னார்.

“அத அடிச்சது யாரு?”

“அவதாம்ப்பா.”

“அன்னைக்கே நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. “எந்த எடம், காட்டு” என்றார். காட்டினேன். அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை மெதுவாகத் தடவிக்கொண்டு போனார்.

“கூப்பிட்டிருக்கா தாயி” என்றார். “எம்புள்ள கூப்பிட்டிருக்கா.”

வீட்டுக்குள் போனவர் வெளுத்த வேட்டியும் சட்டையுமாக வந்தார். எதிரே போய் நின்றேன். என்னை ஒதுக்கிவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினார்.

“கூப்பிட்ட புள்ள வீட்டுக்கு வெறுங்கையோடயா போறது? சாணார்பட்டிக்கு நேர் பஸ்ஸு இருக்கா, திண்டுக்கல் போயி மாறணுமா?”

“மாறணும்ப்பா.”

தண்ணீர் பாய்ந்த ஈரத்தில் வேட்டியின் கரை சேறாவதைக்கூடக் கவனிக்காமல், பாத்திக்குள் குனிந்து காய்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். புழு விழுந்ததைத் தூர எறிந்துவிட்டு, பிஞ்சாகத் தேடிப் பறித்துத் துண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.