ரோஸ் பொட்டு வைத்த பேட்டரி

கவரைப்பேட்டை கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. முன்பு உர மூட்டை அடுக்கிய இடம். இப்போது காலையிலேயே அங்கிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை வர ஆரம்பித்துவிடும்.

உள்ளே நான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்து வேலை செய்வார்கள். சென்னையின் பழைய சாமான் கடைகளிலிருந்து செத்துப்போன லேப்டாப் பேட்டரிகள் சாக்குச் சாக்காக வரும். அவற்றை உடைத்தால் உள்ளே கட்டைவிரல் தடிமனில் உருளை உருளையாகச் செல்கள் இருக்கும். பழைய உறையை பிளேடால் கிழித்துவிட்டு மீட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். முள் கொஞ்சம் அசைந்தால் போதும், அது நல்ல செல். துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு நீல நிறத்தில் புது உறை மாட்டி ஹீட் கன்னால் சூடு காட்டினால் உறை சுருங்கி, தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். உறையின் மேல் 9900 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். அவ்வளவு மின்சாரத்தைப் பிடித்துவைக்கும் செல் அந்த உருவத்தில் உலகத்தில் எங்கும் கிடையாது. ஆனால் கடையில் நிற்பவன் பெரிய எண்ணைத்தான் பார்க்கிறான்.

கடைசி வேலை பொட்டு வைப்பது. உறை கிழிந்து செல் திரும்பி வந்தால் யார் கைவேலை என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ஒவ்வொருத்தியும் செல்லின் அடிப்பக்கத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைப்பாள். கல்பனாவுக்குப் பச்சை. இன்னொருத்திக்குச் சிவப்பு. ஹெலனுக்கு மினுமினுப்புப் போட்ட ரோஸ்.

"நெத்தியில வெக்காத பொட்ட இவ பேட்டரிக்கு வெக்கிறா பாரு" என்றாள் கல்பனா. "பொண்ண மாப்ள ஊட்டுக்கு அனுப்புற மாதிரில்ல சிங்காரிக்கிறா!"

"ஒன்னுத மாதிரி கோணலா வெச்சா எந்த மாப்ளக்கா கட்டுவான்?" என்றாள் ஹெலன்.

கொட்டகைக்காரர் அரசப்பன் சிரித்தார். "அத்த பாத்துக் கத்துக்கங்கம்மா. ஹெலன் கைபட்ட செல்ல எங்க கொண்டு போனாலும் புதுசுன்னுதான் எடுத்துப்பானுங்க."

அரசப்பன் அதட்டிப் பேசாதவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போய்வா என்பார். வேளைக்கு டீ வாங்கித் தருவார். இந்த மாதிரி ஆட்களைக் கெட்டவர் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அதுதான் அவர்களுக்கு வசதி.

ஹெலனுக்குத் தன் வேலையில் பெருமை உண்டு. அந்தச் செல்கள் பெரிய வெளிச்சம் தரும் கை டார்ச்சுகளுக்குப் போகின்றன என்று தெரியும். அந்த டார்ச்சுகள் யார் கைக்குப் போகின்றன என்று அவள் கேட்டதில்லை. கொடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்தால் போதும் என்று நினைக்கும் நல்லவர்களை வைத்துத்தான் இங்கே பாதி மோசடிகள் நடக்கின்றன.

அன்று சாயங்காலம் அவளுடைய தம்பி சாம்சன் வேலையிலிருந்து வந்தான். சட்டையில் காய்ந்த ரத்தம்.

"இன்னாடா இது?"

"என்னுது இல்லக்கா. குணாவோடது."

சாம்சனும் குணாவும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் காண்ட்ராக்ட் கூலிகள். உலையை அணைத்துக் குளிரவைத்த பிறகு, அதன் புகைக் குழாய்க்குள் ஊர்ந்து போய்ப் படிந்திருக்கும் சாம்பலைச் சுரண்டி மூட்டை கட்டுவது அவர்கள் வேலை. உள்ளே கும்மிருட்டு. ஒரு கையில் சுரண்டி, இன்னொரு கையில் சாக்கு. டார்ச்சைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. அதனால் அதை வாயில் கவ்விக்கொள்வார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் நாளே தானாக வந்துவிடும். பழைய ஆளின் டார்ச் எது, புது ஆளின் டார்ச் எது என்று பல் தடத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

"டார்ச்சு சுடுதுன்னு கைய தூக்கினான். வாய்லேர்ந்து எடுக்கும்போதே வெடிச்சிச்சு. ஒதடு கிழிஞ்சி தொங்குது. முன் பல்லு போச்சு. வெரலெல்லாம் வெந்துபோச்சுக்கா."

ஹெலன் வாயைப் பொத்திக்கொண்டாள். "உசுருக்கு?"

"உசுரு இருக்குது. ஆனா காண்ட்ராக்டர் இன்னா சொல்றான் தெரியுமா? அது குணா ஊட்லேர்ந்து எடுத்தாந்த டார்ச்சாம். கண்ட சார்ஜர்ல போட்டு அவனே கெடுத்துட்டானாம். ஆஸ்பத்திரி செலவு ஒண்ணியும் தர மாட்டானாம்."

"நீங்கல்லாம் இருந்தீங்கல்ல? அவன்தான் குட்த்தான்னு சொல்றதுதானே?"

"சொல்லிட்டு? நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிக்கணும். எங்க எடத்துக்கு வர்றதுக்கு அங்க எத்தினி பேரு பையோட நிக்கிறான் தெரியுமா?"

பிறகு அவன் பாக்கெட்டிலிருந்து ஒரு செல்லை எடுத்தான். "டார்ச்சுல ரெண்டு போடுவாங்க. ஒண்ணு வெடிச்சிச்சு. இன்னொண்ணு உருண்டு எங்கிட்ட வந்துச்சு. இத்த பாரு, பொட்டெல்லாம் வெச்சு விக்கிறானுங்க."

ஹெலன் வாங்கிப் பார்த்தாள். மினுமினுக்கும் ரோஸ் புள்ளி. உறையில் ஒரு சுருக்கம் இல்லை.

"நாளைக்கு நீ போவாத" என்றாள்.

"போவாம? மிச்சக் கொழாய மத்தியான ஷிப்டுல முடிக்கணும். நா ஒண்ணும் கேனயன் இல்லக்கா. பழசானாதான் வெடிக்கும். என் டார்ச்சுல ஒரு செல்லு சீக்கிரம் எறங்குது. அத்த மட்டும் தூக்கிப் போட்டுட்டு பஜார்ல புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டுக்கினு போறேன். 9900 கெடைக்குது."

பஜாரில் கிடைக்கும் 9900 எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத்தான் தெரியும். சொல்ல வாய் திறந்தாள். அந்த ரோஸ் பொட்டு தன்னுடையது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். சாம்சன் குளிக்கப் போய்விட்டான்.

மறுநாள் காலை கொட்டகையில் உட்காராமல் நின்றாள். அரசப்பன் முன்னால் அந்தச் செல்லை வைத்தாள்.

"இது நேத்து குணான்னு ஒரு பையன் வாயில இருந்ததுண்ணா. இது கூட இருந்த இன்னொண்ணு வெடிச்சி அவன் மூஞ்சே போச்சு."

அரசப்பன் செல்லைத் திருப்பிப் பார்த்தார். பொட்டைப் பார்த்ததும் கீழே வைத்தார். "ஐயோ பாவம். இவனுங்க ராவெல்லாம் சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்குவானுங்கம்மா. செல்லு இன்னா பண்ணும்?"

"துருப் புடிச்சத தேச்சித் தேச்சிப் போட்டமேண்ணா. எது எந்த வயசுன்னு பாக்காம ஜோடி சேத்து அனுப்புறோம். ஒண்ணு செத்தது, ஒண்ணு இழுக்கிறது."

"இதபாரு ஹெலன். கெழவனுக்குப் புதுச் சட்ட போட்டா குத்தமா? குப்பையில கெடந்தத எடுத்துப் பொழைக்க வெக்கிறோம். ஏழபாழைங்க கொறைஞ்ச வெலையில வெளிச்சம் பாக்குறாங்க. இத்த போயி பெருசு பண்ணிக்கினு. ஒக்காரு, டீ வரச் சொல்றேன்."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. மற்ற பெண்கள் தலை நிமிரவில்லை. இந்த வேலை போனால் அடுத்தது எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. ஹெலனும் உட்கார்ந்துவிட்டாள். கை தானாக பிளேடை எடுத்தது.

அப்போது கரண்ட் போனது. தகரக் கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலேயே இருட்டு. அரசப்பன் மேசையிலிருந்து தன் டார்ச்சை எடுத்து அடித்தார். சுவர் வரைக்கும் வெள்ளை வெளிச்சம். பின்னால் போய் மெழுகுவர்த்தி கொண்டுவந்து ஏற்றிவிட்டு, டார்ச்சை ஹெலன் பக்கத்தில் வைத்தார்.

அவள் அதை எடுத்தாள். மூடியைத் திருகினாள்.

"ஏய், இன்னா பண்ற?"

இரண்டு செல்கள் அவள் மடியில் விழுந்தன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கம்பெனி உறை. பொடி எழுத்தில் 3000 என்று இருந்தது. அடியில் பச்சை இல்லை, சிவப்பு இல்லை, ரோஸ் இல்லை.

"ஒங்க டார்ச்சுல எங்க பொட்டு ஒண்ணுகூட இல்லியேண்ணா."

"அது... அண்ணன் பையன் ஆன்லைன்ல வாங்கிக் குட்த்தான்."

"கொட்டக நெறைய 9900 கெடக்குது. நீங்க எதுக்கு 3000 வாங்கணும்?"

அரசப்பன் டார்ச்சைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். கல்பனா முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

ஹெலன் எழுந்தாள். "கெழவனுக்குப் புதுச் சட்ட போடலாம். தப்பில்ல. அவனுக்கு இருவது வயசுன்னு பொய் சொல்லி மூட்ட தூக்க வெக்கக் கூடாது. அவன் செத்தா, பொய்ய நம்பி மூட்டைய குட்த்தவன் மேல பழி போடக் கூடாது."

"இப்ப வெளிய போனா திரும்ப வராத" என்றார் அரசப்பன். அவர் குரலில் டீ வாங்கித் தருபவரைக் காணோம்.

ஹெலன் உறை மாட்டிய செல்களில் ஒரு கை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள். வாசலில் கல்பனா அவள் கையைப் பிடித்தாள். "பசங்கள வெச்சிக்கினு நா எங்கடி போவேன்?" என்று முணுமுணுத்தாள். ஆனால் தன் பிளேடைக் காகிதத்தில் சுற்றி ஹெலன் பையில் செருகினாள்.

ஆலை கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. மத்தியான ஷிப்டுக்குப் போகும் காண்ட்ராக்ட் ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு டார்ச் இடுப்பில். சாம்சன் அக்காவைப் பார்த்ததும் எழுந்தான்.

"இன்னாக்கா இங்க?"

"டார்ச்ச தொற. எல்லாரும் தொறங்க. செல்லு அடியில இன்னா கலர் பொட்டு இருக்குதுன்னு பாருங்க."

முதலில் சிரிப்பு வந்தது. "எனக்குப் பச்ச." "எனக்கு ஒண்ணு செவப்பு, ஒண்ணு ரோஸு." "டேய், ஒனக்குத்தான்டா ரெண்டு பொண்டாட்டி!" ஒருவன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

ஹெலன் பையிலிருந்து ஒரு செல்லை எடுத்து, பிளேடால் புது உறையைக் கிழித்து உரித்தாள். பழுப்பாகத் துரு. ஓரத்தில் நசுங்கல். மேல்மூடியில் எப்போதோ கசிந்து காய்ந்த வெள்ளைக் கறை. இன்னொன்றை உரித்தாள். அதுவும் அப்படியே. சிரிப்பு நின்றது.

"ரோஸு என்னுது" என்றாள். "குணா வாயில இருந்தது என்னுது. நா மாட்டின ஒறதான். பழைய லேப்டாப்புல செத்துக் கெடந்தத நாங்கதான் ஜோடிச்சி அனுப்புறோம்."

சாம்சன் அவளையே பார்த்தான். நேற்று அவள் சொல்ல முடியாமல் விழுங்கியது இப்போது புரிந்தது. பஜாரில் அடியைப் பார்க்காமல் வாங்கிப் போட்ட புதுச் செல்லைத் தன் டார்ச்சிலிருந்து எடுத்தான். ரோஸ் பொட்டு. நெயில் பாலிஷ் வாசனைகூடப் போகவில்லை.

காண்ட்ராக்டர் பைக்கில் வந்து இறங்கினான். "யார்ரா இந்தப் பொம்பள? ஷிப்டு நேரத்துல இன்னா கூட்டம்?"

"எங்க அக்கா" என்றான் சாம்சன். "குணா டார்ச்சு அவன் ஊட்லேர்ந்து எடுத்தாந்ததுன்னு சொன்னியேண்ணா. அப்ப நாங்க எல்லாரும் அவனவன் ஊட்லேர்ந்து ஒரே மாதிரி பொட்டு வெச்சா எடுத்தாந்தோம்? மொத்தமா வாங்கியாந்து பிரிச்சிக் குட்த்தது நீதானே?"

கூட்டத்தைப் பார்த்து ஆலையின் பாதுகாப்பு அதிகாரி பரத் கேட்டைத் தாண்டி வந்தார். வெள்ளைத் தலைக்கவசம், அதில் ஒரு சின்ன விளக்கு. விஷயத்தைக் கேட்டார். உரித்த செல்களைப் பார்த்து முகம் சுளித்தார்.

"எங்க பர்மனன்ட் ஆளுங்களுக்கு நாங்க நல்ல லைட்தான் குடுக்குறோம். தலையில மாட்டுறது, டெஸ்ட் பண்ணினது. இவங்க காண்ட்ராக்ட் ஆளுங்கம்மா. இது அவர் பொறுப்பு."

"கொழாய்க்குள்ள இருட்டு ரெண்டு பேருக்கும் வேற வேறயா சார்?" என்று கேட்டாள் ஹெலன்.

பரத் காண்ட்ராக்டரைப் பார்த்தார். காண்ட்ராக்டர் தரையைப் பார்த்தான்.

ஹெலன் சாம்சனின் டார்ச்சை வாங்கி இரண்டு செல்லையும் போட்டு மூடினாள். விளக்கை எரியவிட்டு பரத்தின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஒங்க ரெண்டு பேர்ல யாராச்சும் இத்த வாயில கவ்விக்கினு நில்லுங்க. சாம்ப மூட்ட ரொம்புற வரைக்கும் வேணாம். நா இந்த டீய குடிக்கிற வரைக்கும் போதும். அப்பால எந்தம்பிய உள்ள அனுப்புறேன்."

யாரும் கை நீட்டவில்லை. சாம்சன் டார்ச்சை அவளிடமிருந்து வாங்கி அணைத்து, செல்களைக் கழற்றி பெஞ்சில் வைத்தான். அடுத்தவன் வைத்தான். அதற்கடுத்தவன் வைத்தான். கேட்டுக்கு வெளியே வேலை கிடைக்குமா என்று பையோடு நின்றவர்களைக் காண்ட்ராக்டர் திரும்பிப் பார்த்தான். அவர்களும் அசையவில்லை. அவர்களும்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் பரத் போனை எடுத்தார். ஸ்டோரிலிருந்து தலையில் மாட்டும் விளக்குகளைக் கொண்டுவரச் சொன்னார். பிறகு காண்ட்ராக்டரிடம், "குணா விஷயம் இங்க நடந்த விபத்துதான். நான் அப்படித்தான் எழுதுவேன். செலவ நீங்க ஏத்துக்கணும்" என்றார். நேற்றே சொல்லியிருக்க வேண்டியது. இன்றைக்குப் பத்துப் பேர் முன்னால் ஒருத்தி கேட்ட பிறகுதான் அவருக்கு வாய் வந்தது.

சாம்சன் புது விளக்கைத் தலையில் மாட்டிப் பட்டையை இழுத்துவிட்டான். "அப்ப சார்ஜ் பேட்டரியே ஆவாதாக்கா?"

ஹெலன் பெஞ்சில் கிடந்த செல்களைப் பையில் வாரிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதென்று முடிவு செய்திருந்தாள். கொட்டகை எங்கே இருக்கிறது, யாருடையது, அங்கே தான் என்ன செய்தாள் என்று எல்லாவற்றையும் சொல்லப்போகிறாள்.

"பேட்டரி மேல தப்பில்லடா. நல்ல கம்பெனியுது, ஒரே மாதிரி ஜோடி, அதுக்குன்னு உள்ள சார்ஜரு, இருந்தா அது பாட்டுக்கு எரியும். வெடிச்சது பேட்டரி இல்ல, அது மேல நாங்க மாட்டின பொய்யி. தன் வாயில வெக்க முடியாதத அடுத்தவன் கையில குடுக்குறவன் எல்லாரும் கொலகாரன்தான். வித்தவனும், வாங்கிக் குட்த்தவனும், பாத்துக்கினு இருந்தவனும். அழகாப் பொட்டு வெச்ச நானும்."