மேஸ்திரி பக்கம்

வீடு மாற்றுகிறவர்கள் சாமான்களோடு தங்கள் கவலையையும் மேஸ்திரியின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக நிற்பார்கள். அப்படி ஒரு பேர் அவருக்கு. படிக்கட்டில் எது இறங்கினாலும் கீழ் ஆள் அவர்தான். மேல் ஆள் பிடித்துக்கொண்டால் போதும். கீழ் ஆள் தாங்க வேண்டும். அதுவும் பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. பாதத்தால் படியைத் தேடித் தேடித்தான் இறங்க வேண்டும். பீரோ ஒரு கீறல் இல்லாமல் கீழே வந்து சேர்ந்ததும் அவர் மீசையை ஒரு தடவை தடவிக்கொள்வார். அதோடு அந்த வேலை முடிந்தது என்று அர்த்தம்.

ஆனால் அந்தக் குழுவுக்குள் மட்டும் புழங்கிய ஒரு சங்கதி உண்டு. மேஸ்திரி எதையும் வலது தோளில்தான் வாங்குவார். படிக்கட்டு அதற்கு வாட்டமான பக்கம் திரும்பினால் தண்ணீர் ஓடுகிற மாதிரி வேலை ஓடும். மறுபக்கம் திரும்பினால் திருப்பத்தில் பொருளைக் கீழே இறக்கி, அதை ஒரு சுற்று சுற்றி, அவருடைய வலது தோளுக்கு வருகிற மாதிரி வைத்து, மறுபடி தூக்குவார்கள். இதற்கு அவர்கள் வைத்த பேர் ‘மேஸ்திரி பக்கம்’. மேல் ஆளாக நிற்கும் நெட்டையன், அவனை எல்லாரும் ஒட்டகம் என்பார்கள், “மேஸ்திரி பக்கம்!” என்று குரல் கொடுத்தால் போதும், மற்றவர்கள் கேள்வி கேட்காமல் பொருளைச் சுற்றிவிடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை ஏதோ தொழில் ரகசியம் என்றே நினைத்தார்கள். மேஸ்திரியும் அப்படித்தான் நினைத்தார்.

அந்த நினைப்புக்கு ஒரு நாள் வேட்டு விழுந்தது. குறுகலான ஒரு திருப்பத்தில், இறக்கிச் சுற்ற இடமில்லாமல், ஒரு சாப்பாட்டு மேசையை இடது பக்கம் வாங்கிப் பார்த்தார். இடுப்பில் ஏதோ பிடுங்கிக்கொண்டது. மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரியைத்தான் இரண்டு பேர் இறக்க வேண்டியிருந்தது.

எலும்பில் கோளாறு இல்லை, தசைதான் என்றார் டாக்டர். “கொஞ்ச நாளைக்கு வெயிட்டைத் தொடாதீங்க. அதுக்காகப் படுத்தே கிடக்காதீங்க” என்றும் சொன்னார். மேஸ்திரி முதல் பாதியைக் கேட்டுக்கொண்டார்.

முதலாளி வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. “மேஸ்திரி, அடுத்து ஒரு பல் ஆஸ்பத்திரி மாத்துற வேலை வருது. மூணாவது மாடி. அந்த நாற்காலியோட அடிப்பாகம் ஒரே இரும்பு, லிஃப்ட்டுல ஏறாது. படிக்கட்டு பூரா உங்களுக்கு ஆகாத பக்கம்தான் திரும்புது, இறக்கி வைக்கவும் இடமில்ல. அதுல கீழ் ஆளா நின்னு காட்டுங்க. முடியலன்னா இனிமே வண்டியில டிரைவர் பக்கத்துல உக்காந்துக்கங்க. சம்பளம் அதேதான்.”

அந்தச் ‘சம்பளம் அதேதான்’ என்ற பேச்சுதான் மேஸ்திரிக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. குறைத்துக் கொடுத்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். சும்மா உட்கார வைத்துச் சோறு போடுகிறேன் என்கிறவரிடம் என்ன பேசுவது? முதலாளி போன பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் மகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரே பெண். வீட்டில் அவளுக்குப் பேர் சுண்டு. இன்சூரன்ஸ் ஆபீஸில் நல்ல வேலையில் இருந்தவள், ஒரு நாள் அதை விட்டுவிட்டு, சைக்கிள் கடைக்கு மேலே ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்து, ‘உடல் இயக்கப் பயிற்சி’ என்று போர்டு மாட்டினாள். அங்கே ஆட்கள் கயிறு சுழற்றினார்கள். சின்னப் பிள்ளைகள் மாதிரி கயிறு தாண்டுவது இல்லை. கைப்பிடி இல்லாத கனமான கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு, உடம்புக்கு முன்னாலும் பின்னாலும் எட்டுப் போட்டபடி, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிற்பது. காலில் அவள் போட்டிருந்த ஷூவைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைக்கலாம். அத்தனை மெல்லிய அடி.

“இதை எவன் ஷூன்னு சொன்னான்? சாக்ஸுக்குச் சாயம் பூசி உன் தலையில கட்டியிருக்கான்” என்றார் மேஸ்திரி, முதல் தடவை அதைப் பார்த்த அன்றைக்கு. கயிற்றைப் பற்றியும் தீர்ப்புச் சொன்னார். “கயிறு கட்டுறதுக்கு. சுத்துறதுக்கு இல்ல.”

அந்த ஹாலின் படியை அவர் மிதித்ததே இல்லை. மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், “கம்ப்யூட்டர்ல இருக்கா” என்பார். அது சுண்டுவுக்கும் தெரியும். ஒரு தடவை அவள் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லிவிட்டார். அவள் காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அப்பாவின் முதுகைப் பார்த்து அவள் சொன்னாள். “எழுந்திரிங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். கயிறு மெதுவா சுத்தலாம்னார்.”

“உன் ஹாலுக்கெல்லாம் வரமாட்டேன். நீ தலைகீழா நின்னாலும்.”

“யார் கூப்பிட்டா? மொட்டை மாடிக்கு வாங்க. முதல்ல இப்படி நேரா நில்லுங்க. அம்மா, இங்க வாயேன். அப்பா தோளைப் பாரு, ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு.”

அம்மா வந்து பார்க்கவே இல்லை. சமையலறையிலிருந்தே பதில் வந்தது. “நான் என்னத்தப் பாக்குறது? எத்தனை வருஷமா உங்கப்பா சட்டையை ஒரு பக்கம் மட்டும் தூக்கித் தைச்சுக்கிட்டிருக்கேன்!”

மேஸ்திரிக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

மொட்டை மாடியில் முதல் நாள் நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்திருந்தால் டிக்கெட் போட்டிருக்கலாம். மேஸ்திரி கயிற்றைக் கையில் வாங்கியதும் பழக்க தோஷத்தில் இழுத்துப் பார்த்தார், முறுக்கைச் சோதித்தார், நுனியில் ஒரு முடிச்சும் போட்டார். சுழற்ற ஆரம்பித்ததும் வலது பக்கம் ஒரு மாதிரி சுழன்றது. இடது பக்கம் வந்ததும் கயிறு நேராக அவர் காதில் அறைந்தது. இன்னும் இறுக்கிப் பிடித்தார். இன்னும் பலமாக அறைந்தது.

“சனியன் பிடிச்ச கயிறு!”

“இறுக்கிப் பிடிச்சா அடிக்கும்பா. இது சுமை இல்ல. நீங்க விட்டுட்டா யாரும் கீழ விழமாட்டாங்க. கையைத் தளர்த்துங்க, இடுப்பைத் திருப்புங்க.”

யாரும் கீழே விழமாட்டார்கள் என்று அவரிடம் இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. மேஸ்திரி முனகிக்கொண்டே மறுபடி ஆரம்பித்தார்.

கயிறு ஒவ்வொரு பக்கமும் தரையைத் தொடும்போது ஒரு சத்தம் வரும். வலது பக்கம் ‘டப்’ என்று விழும். இடது பக்கம் சில சமயம் வரும், சில சமயம் வராது, வந்தாலும் தாமதமாக வரும். கீழே சமையலறையில் அம்மாவுக்கு இது நன்றாகக் கேட்டது. அவளே நடுவராகிவிட்டாள். “இடது பக்கம் இன்னைக்கும் லீவா?” என்று ஜன்னல் வழியாகக் கத்துவாள். மேஸ்திரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்தக் கோபத்திலேயே இன்னும் கொஞ்ச நேரம் சுழற்றுவார்.

மெல்லிய ஷூ விஷயத்தில்தான் பெரிய ரகளை. கடைசியில், காலில் மாட்டினால் வாயை மூடுவாய் என்றால் மாட்டுகிறேன் என்று மாட்டிக்கொண்டார். சுண்டு அவரைப் பின்பக்கமாகப் படி இறங்கச் சொன்னாள், கையில் ஒன்றும் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு. முதல் படியில் கால் வைத்ததும் மேஸ்திரி நின்றுவிட்டார். படியின் விளிம்பு, அதில் சிமெண்டு பெயர்ந்த இடம், ஒட்டியிருந்த மணல், எல்லாம் பாதத்துக்குத் தெரிந்தது. இடது காலின் சுண்டு விரல் பக்கம் எடையே இறங்கவில்லை என்பதும் தெரிந்தது. இத்தனை காலம் வலது கால் ஒன்றுதான் உழைத்திருக்கிறது, இடது கால் சும்மா கூடவே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

“இதைப் போட்டுக்கிட்டே வேலைக்குப் போயிடவா?” என்று அவரே ஆசையாகக் கேட்டார்.

“நல்லா இருக்கும்! இரும்பு கால்ல விழுந்தா? பூட்ஸ்தான் போடணும். இங்க கால் கத்துக்கிட்டது பூட்ஸுக்குள்ள போனா மறந்துடாது.”

பிறகு ஒரு நாள் காலையில் அம்மா ஜன்னலில் கத்தவில்லை. மேஸ்திரி சுழற்றிக்கொண்டே காத்திருந்தார். டப், டப், டப், டப். சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அம்மா கரண்டியோடு மாடிக்கே வந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இனிமே சட்டையை நேரா தைக்கலாம் போல” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வாயிலிருந்தே வந்த பாராட்டு அது. மேஸ்திரி அன்று முழுவதும் மீசையைத் தடவிக்கொண்டே திரிந்தார்.

பல் ஆஸ்பத்திரி வேலை வந்தது. ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்கார டாக்டரம்மா கழுத்தைத் தேய்த்தபடி அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். “பாத்து இறக்குங்க. உங்களுக்குப் பசங்க இருக்காங்களா?” என்று பேச்சுக்குக் கேட்டார். “ஒரு பொண்ணு. கம்ப்யூட்டர்ல இருக்கா” என்று மேஸ்திரியின் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போல் இருந்தது.

நாற்காலியின் மேல்பாகத்தைக் கழற்றி முதலில் அனுப்பினார்கள். பிறகு அடிப்பாகம். கீழே முதலாளி கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார். மேஸ்திரி கீழ் ஆளாக நின்று, தூக்குவதற்குக் கட்டியிருந்த வார்ப்பட்டையை இழுத்துப் பார்த்து, எடையை வாங்கினார். முதல் வரிசைப் படி முடிந்து திருப்பம் வந்தது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கம்பி. ஒட்டகத்துக்கு வேர்த்துவிட்டது. அவனும் பழக்கத்தில் குரல் கொடுத்தான்.

“மேஸ்திரி பக்கம்!”

பின்னால் இருந்தவர்களும் பழக்கத்தில் இழுத்தார்கள். இரும்பு ஒரு விரல் மேலே போய் ஆடியது. சுற்றவும் இடமில்லை, வைக்கவும் இடமில்லை. மொத்த எடையும் மேஸ்திரியின் மேல் சாய்ந்தது. அவருடைய கைகள் தானாக இறுகின. இடுப்பில் அந்தப் பழைய இடம் ஞாபகம் வந்தது.

“இழுக்காதீங்கடா” என்றார். கத்தவில்லை. “எதுக்குச் சுத்தணும்? அப்படியே வாங்க.”

“அண்ணே, இது உங்க பக்கம் இல்ல...”

“வாங்கன்னா வாங்க.”

பிடியை இளக்கினார். இரும்பு வலது தோளிலிருந்து இடது தோளுக்கு நகர இடம் விட்டு, இடுப்பைத் திருப்பி, இடது காலை ஒரு படி கீழே இறக்கினார். பூட்ஸுக்குள் சுண்டு விரல் பக்கம் எடை இறங்கி உட்கார்ந்தது தெரிந்தது. கால் நின்றது. எட்டு போடுகிறபோது வருகிற அதே திருப்பம்தான். இரும்பு சுவரையும் தொடவில்லை, கம்பியையும் தொடவில்லை. அடுத்த திருப்பம், அதற்கடுத்தது, எல்லாம் அதே பக்கம். 

தரைக்கு வந்து இரும்பை வைத்ததும் முதலாளி கையை அவிழ்த்தார். “டிரைவர் பக்கத்துல யாரை உக்கார வைக்கிறதுன்னு இனிமேதான் யோசிக்கணும்” என்றார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

ஒட்டகம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான். “அண்ணே, அப்ப இனிமே மேஸ்திரி பக்கம்னு கத்த வேணாமா?”

“ரெண்டும் மேஸ்திரி பக்கம்தான்டா.”

டாக்டரம்மா நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மறுபடி கழுத்தைப் பிடித்துக்கொண்டார். மேஸ்திரி கவனித்தார். “ஏம்மா, நீங்க எப்பவும் இந்த நாற்காலிக்கு வலது பக்கமே குனிஞ்சு நிப்பீங்களா?”

“ஆமா. எங்க தொழில்ல எல்லாரும் அப்படித்தான். ஏன்?”

“சைக்கிள் கடைக்கு மேல ஒரு ஹால் இருக்கு. கயிறு சுத்தக் கத்துக்குடுப்பாங்க. போய்ப் பாருங்க.” தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு குழு முழுவதற்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். “என் பொண்ணுதான் டீச்சர்.”

“கம்ப்யூட்டர்ல இருக்காங்கன்னு சொன்னீங்களே?”

“தப்பாச் சொல்லிட்டேன்மா.”

வண்டி கிளம்பியதும் டிரைவரிடம் சைக்கிள் கடை வழியாகப் போகச் சொன்னார். குழு மொத்தமும் வண்டியில் காத்திருக்க, அவர் மட்டும் இறங்கி அந்தப் படியில் முதல் தடவையாக ஏறினார். வாசலில் வரிசையாக மெல்லிய ஷூக்கள் கிடந்தன. தன் பூட்ஸைக் கழற்றி அவற்றோடு வைத்தார். உள்ளே நாலைந்து பேர் நின்றிருக்க, நடுவில் சுண்டு முதுகைக் காட்டிக்கொண்டு சுழற்றிக்கொண்டிருந்தாள். சத்தம் அத்தனை சீராக வந்தது. என்ன அழகாகச் செய்கிறாள் என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. இதைப் போய் ஒளித்து வைத்தோமே என்றும் இருந்தது.

கடைசியில் நின்ற ஒரு பெண் அவருடைய அழுக்குச் சட்டையைப் பார்த்துவிட்டு, “புதுசா சேரணுமா சார்?” என்று கேட்டாள்.

“நான் பழைய ஆளும்மா. மொட்டை மாடி பேட்ச்” என்றார் மேஸ்திரி. “டீச்சரோட அப்பா.”

சுழன்றுகொண்டிருந்த கயிறு சுண்டுவின் காதில் பட்டென்று அறைந்தது. அந்த ஹாலில் அவளை அது அடித்து யாரும் பார்த்ததில்லை. அவள் திரும்பவில்லை. காதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தோள் இரண்டும் குலுங்கின.

மேஸ்திரி பக்கத்தில் போய் நின்றார். “இறுக்கிப் பிடிச்சா அடிக்கும்மா” என்றார்.